பற்றறி இறங்கிய சுருதி

போன சனிக்கிழமை பத்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையிடம் வசமாக மாட்டிக்கொண்டேன்.

வகுப்பு எங்கள் வீட்டு விறாந்தையில்தான் நடக்கும். கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரத்தில் வாய்க்காலோடு ஒட்டிய வீடு. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் கிற்றாரைவிட வாய்க்கால்தான் கூடச் சத்தம் போடும். அன்றைக்கு டி கோட். கோட் என்றால் பல கம்பிகளை ஒன்றாக அடித்து எழுப்பும் சுரக்கூட்டு. நான் ஒரு தரம் இழுத்து அடித்துக் காட்டினேன். அவளும் அதேபோல அடித்தாள். இன்னொரு தரம் அடித்தாள். பிறகு தலையைச் சரித்துக்கொண்டு, "சேர், இதில காந்தாரம் எங்க?" என்றாள். சரிகமவில் வரும் கா.

இந்தப் பிள்ளை சங்கீதமும் படிக்கிறவள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம் வரை வந்துவிட்டாள். "சா, பா, மேல் சா. அவ்வளவுதான் கேக்குது, தம்புரா மாதிரி. மற்றக் கோட் எல்லாத்திலயும் காந்தாரம் கேட்டதே."

நான் என் கையைப் பார்த்தேன். சுட்டுவிரல் மூன்றாம் கம்பியில். மோதிரவிரல் இரண்டாம் கம்பியில். நடுவிரல் முதலாம் கம்பிக்கு, அதாவது ஆக மெல்லிய கம்பிக்கு, மேலே சும்மா காற்றில் நிற்கிறது. வலது கையோ இரண்டாம் கம்பியோடு நின்று திரும்பிவிடுகிறது.

கிற்றாரில் டி மேஜருக்கும் டி மைனருக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த முதலாம் கம்பியில்தான் இருக்கிறது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைதான் பிரெட். இரண்டாவது பிரெட்டில் அழுத்தினால் அந்தர காந்தாரம், மேஜர். ஒன்றாவது பிரெட்டில் அழுத்தினால் சாதாரண காந்தாரம், மைனர். அந்தக் கம்பியை அடிக்காமல் விட்டால் இரண்டும் இல்லை, வெறும் சா பா சா. இருபது வருடத்துக்கு மேலாக இரண்டு கோட்டையும் நான் ஒரே மாதிரித்தான் அடித்து வந்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. பாடுகிறவர் தன் குரலில் காந்தாரத்தைப் போட்டுவிடுவார், அதற்குள் என் குறை ஒளித்துக்கொள்ளும்.

காரணம் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நான் பழகிய கிற்றாரில் முதலாம் கம்பி இருக்கவில்லை.

2002இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகுதான் கொழும்புச் சொந்தக்காரர் எங்கள் பக்கம் வரத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் மச்சான் ஒருவன் வானில் வந்து இறங்கியபோது கையில் கிற்றார். அவனுக்கு அது அலுத்துப்போயிருந்தது. போகும்போது விட்டுவிட்டுப் போனான். எனக்குப் பதினாலு வயது. ஆறு கம்பி இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து. அப்பாவிடம் சொன்னேன். "ஆறில அஞ்சு இருக்குத்தானே. பழகு, பிறகு பாப்பம்" என்றார். அந்தப் 'பிறகு' வர இரண்டு வருடம் எடுத்தது.

சும்மா இருக்கவில்லை. சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட பின் பிறேக் கேபிள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அதன் முறுக்கை அவிழ்த்து, ஒரு இழையை உருவி எடுத்தேன். கிற்றார்க் கம்பியின் நுனியில் சின்னப் பித்தளைக் குண்டு ஒன்று இருக்கும், அதுதான் கிற்றாரின் உடம்பில் கம்பியைப் பூட்டுகிற பிறிட்ஜுக்குள் கம்பி கழராமல் பிடிப்பது. அதற்குப் பதிலாக ஒரு நட்டைக் கோத்து முடிச்சுப் போட்டேன். பிறேக் இழை எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. முருங்கைப் பிஞ்சு மாதிரி நெளிந்து நெளிந்து நிற்கும், நெளிவு பட்ட பிரெட்டில் எல்லாம் கிர் என்று இரையும். விரலை வேறு அறுத்தது. மூன்றாம் நாள் சாவியை இன்னும் கொஞ்சம் முறுக்கப் போக, அறுந்து கன்னத்தில் ஒரு கோடு போட்டது. கண் தப்பியது. அம்மா மிச்ச கேபிளைத் தூக்கி வேலிக்கு அங்கால் எறிந்துவிட்டார்.

ஆகவே ஐந்து கம்பி. பழக்கியவர் என்று ஒருவரைச் சொல்வதானால், தேவாலயப் பாடகர் குழாமில் கிற்றார் வாசித்த ஒரு அண்ணையைத்தான் சொல்லவேண்டும். நாங்கள் சைவக்காரர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் ஒழுங்காகப் போனேன், பக்கக் கதவடியில் நின்றேன். அந்தக் கதவடியில் இருந்து பார்த்தால்தான் அவரின் இடது கை தெரியும். இரண்டு பாட்டுக்குள் ஒரு விரல் அமைப்பைப் பாடமாக்கிக்கொண்டு, மறந்துபோகாமல் இருக்க இடது கை விரல்களை அப்படியே மடித்து வைத்தபடி ஒற்றைக் கையால் சைக்கிள் ஓடி வீட்டுக்கு வருவேன். கல்றோட்டில் பாதி விரல் குலைந்துவிடும். ஏ மைனர் ஒரு மாதமாக எனக்குப் பிழையாக இருந்ததற்குக் காரணம் பரந்தன் பக்கத்துக் குழிகள்தான் என்று இப்பவும் சொல்வேன்.

கை தெரிந்தது. சுருதி தெரியவில்லை. வீட்டில் கறண்ட் இல்லை. பற்றறியில் ஓடும் கசற் ரேடியோ ஒன்று இருந்தது. பாட்டைப் போட்டு, அதன் சத்தத்தோடு கம்பியைச் சேர்ப்பேன். பற்றறி இறங்க இறங்கக் கசற் மெதுவாகச் சுற்றும், பாட்டு இழுபடும், சுருதியும் கூடவே இறங்கும். பற்றறியை வெயிலில் காயப்போட்டு, பல்லால் கடித்து, கடைசிச் சொட்டு வரை பிழிகிற வீடு எங்கள் வீடு. இறங்கிய பாட்டோடு நானும் கம்பியை இறக்கினேன். புதுப் பற்றறி போட்ட நாட்களில் பாட்டு மட்டும் மேலே நின்றது. பாடகருக்கு அன்றைக்கு ஏதோ உசார் கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். உண்மையாக.

2004 நத்தாருக்குக் கரோல் பாட ஆள் போதாமல், அந்த அண்ணையே என்னைக் கூப்பிட்டார். யாரோ கொண்டுவந்த கீபோட், அதற்கு ஜெனரேற்றர். கீபோட்காரர் சி என்றார், நானும் சி அடித்தேன். பாடகர் குழாம் அப்படியே திரும்பிப் பார்த்தது. கீபோட்காரர் என்னைப் பார்த்து, "தம்பி, இது எந்த ஊர்ச் சுருதி?" என்று கேட்டார். ஏறக்குறைய ஒரு முழுச் சுரம் கீழே நின்றிருக்கிறேன். கம்பியை ஏற்ற வெளிக்கிட்டால் அறும் என்று பயம், அறுந்தால் மாற்றுக் கம்பி இல்லை. அவர் சிரித்துக்கொண்டு கீபோட்டில் ஒரு பொத்தானை இரண்டு தரம் அமத்தினார். முழுக் கீபோட்டும் இரண்டு அரைச் சுரம் இறங்கி வந்து என்னோடு நின்றது. பாடகர்கள் அந்த நத்தாருக்கு எல்லாப் பாட்டையும் கொஞ்சம் கனத்த குரலில் பாடினார்கள்.

அடுத்த வருடம் மாமி யாழ்ப்பாணம் போய் ஒரு செற் கம்பி வாங்கி வந்தார். ஆறும் இருந்தன. ஆனால் நைலோன் கம்பி, நம்முடையது இரும்புக் கம்பி போடுகிற கிற்றார். மாமியில் பிழை இல்லை, "கிற்றார்க் கம்பி" என்று கேட்டால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? நுனியில் பெரிய முடிச்சாகப் போட்டுச் சொருகி, அதிலேயே வாசித்தேன். கம்பி ஆறாகிவிட்டது. கைதான் ஐந்திலேயே நின்றுவிட்டது, இது எனக்குப் போன சனிக்கிழமைதான் தெரியும்.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டியது. 2008 கடைசியில் உழவு இயந்திரப் பெட்டியில் கிடுகுக்கும் நெல்மூட்டைக்கும் மேலே அந்தக் கிற்றாரும் ஏறியது. தருமபுரம் வரை வந்தது. அங்கே ஒரு மாமரத்தில் சாய்த்து வைத்தது கடைசி. அதற்குப் பிறகு நடந்ததில் கிற்றாருக்கு இடம் இல்லை, இந்தப் பதிவிலும் இல்லை.

2010இல் ஊருக்குத் திரும்பினோம். வயரிங் வேலை பழகினேன், இன்றைக்கும் அதுதான் தொழில். 2012இல் கிடைத்த முதல் நல்ல கூலியில் வவுனியாவில் ஒரு கிற்றார் வாங்கினேன். கடையில் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் கம்பி பிரெட்டுக்கு மேலே எட்டாத உயரத்தில் நிற்கிறது. பன்னிரண்டாவது பிரெட்டில் கம்பிக்குக் கீழே என் சுண்டுவிரல் நுனி போகும். இதற்குத் தீர்வு சின்னது: பிறிட்ஜில் கம்பி ஏறி நிற்கிற வெள்ளைத் துண்டைக் கழற்றி அடியில் தேய்க்கவேண்டும். நான் அரம் வைத்திருக்கிற ஆள். தேய்த்தேன், இன்னும் கொஞ்சம் தேய்த்தேன், கை சும்மா இருக்காமல் மேலும் தேய்த்தேன். போட்டு அடித்தால் எல்லாக் கம்பியும் இரைகிறது. கழித்துப்போட்ட போன் றீலோட் காட் ஒன்றை அளவாக வெட்டி அடியில் வைத்தேன். பிறகு இன்னொன்று. இன்றைக்கும் அந்த இரண்டு காட்டும் உள்ளேதான் இருக்கின்றன, கிற்றாரும் பிசகாமல் பேசுகிறது. அதனால் பிள்ளைகளின் கிற்றாரை நானே தேய்த்துக் கொடுக்கும்போது கால் மில்லிமீற்றருக்கு ஒரு தரம் போட்டுப் பார்க்கிறேன்.

படிப்பிக்க வேண்டும் என்று நான் தொடங்கவில்லை. ஒரு வீட்டில் மெயின் சுவிச் மாற்றப் போனேன், சுவரில் ஒரு கிற்றார் மாட்டியிருந்தது. வெளிநாட்டுச் சித்தப்பா அனுப்பியதாம், பெடியனுக்குச் சுருதி சேர்க்கத் தெரியாது. சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவன் சைக்கிளில் கிற்றாரையும் கட்டிக்கொண்டு வந்து நின்றான். இப்போது ஏழு பேர் வருகிறார்கள். ரியூசனுக்கு நடுவில் கிடைக்கிற நேரம்தான் எனக்கு. 2022இல் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டியபோது எனக்கு வயரிங் வேலை படுத்துவிட்டது, ஆனால் விறாந்தை நிறையப் பிள்ளைகள். ரீவி இல்லை, போனுக்குச் சார்ஜ் இல்லை, கிற்றாருக்குச் செருகி தேவையில்லை. அந்த வருடம் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியது, கம்பி விலை கேட்கவே பயம். பழைய கம்பியைக் கழற்றித் தண்ணீரில் அவித்தால், சுற்றுக்குள் இருக்கிற அழுக்கும் வியர்வையும் கழன்று நாலைந்து நாளைக்குப் புதுக் கம்பி மாதிரிக் கிணுகிணுக்கும். மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசை, ஆகவே விறகடுப்பில்தான் அவித்தேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இடியப்பத்தை விட்டிட்டு இப்ப இதையோ அவிக்கிறாய்?" என்றார்.

முதல் வகுப்பில் கோட் சொல்லிக் கொடுப்பதில்லை. இடது கை நகத்தை வெட்டிவிட்டு வரச் சொல்வேன். வயரிங் பையிலிருந்து அளவு ரேப்பை எடுத்துக் கொடுத்து, கம்பியின் நீளத்தை அளக்கச் சொல்வேன். 65 சென்ரிமீற்றர் வந்தால் பாதி முப்பத்திரண்டரை. அந்தப் பாதி எங்கே விழுகிறது என்று பார் என்பேன். சரியாகப் பன்னிரண்டாவது பிரெட். அங்கே அழுத்தி அடித்தால் மேல் சா. இதைத் தானே அளந்து கண்டுபிடித்த பிள்ளை அதற்குப் பிறகு பிரெட்டைப் பயத்தோடு பார்க்காது. வீணையில் மெட்டு என்பதும் இதைத்தான்.

பிறகு சுருதி சேர்த்தல். போனில் செயலி இருக்கிறது, பச்சை வெளிச்சம் வந்தால் சரி. அதை நான் தடுப்பதில்லை, ஆனால் காதாலும் சேர்க்கப் பழக்குகிறேன். கனத்த கம்பியில் ஐந்தாவது பிரெட்டை அழுத்தினால் அடுத்த கம்பியின் சத்தம். இப்படியே ஒவ்வொன்றும், மூன்றாம் கம்பியில் மட்டும் நாலாவது பிரெட். ஏன் அந்த ஒன்று மட்டும் நாலு என்று எனக்குப் பல வருடம் தெரியாது. பாடமாக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான். சங்கீதக்காரப் பிள்ளைக்கு விளக்க வெளிக்கிட்டபோதுதான் எனக்கே வெளித்தது. ஒரு கம்பி சா என்றால் அடுத்தது மா. மூன்றாம் கம்பிக்கு மட்டும் அடுத்தது கா. எல்லாவற்றையும் மாவாகவே வைத்தால் மெல்லிய கம்பி எஃப் ஆகிவிடும். ஒரு இடத்தில் அரைச் சுரம் விட்டுக்கொடுப்பதால்தான் கடைசிக் கம்பியும் முதல் கம்பியும் இரண்டும் ஈ என்று, இரண்டு ஸ்தாயி தள்ளி, சரியாகப் பொருந்துகின்றன. சேர்த்து முடிந்ததும் அந்த இரண்டையும் ஒன்றாக அடித்துப் பார்த்தால் பிழை உடனே தெரியும். எனக்கு அந்தச் சோதனை கிடைக்கவில்லை. இரண்டாவது ஈ என்னிடம் இருந்தால்தானே.

தாளத்துக்கு வேறு வழி வைத்திருக்கிறேன். யூரியூப்பில் பழகிவரும் பிள்ளைகளுக்கு விரல் வேகம் இருக்கிறது, வலது கை தடுமாறுகிறது. அவர்களிடம் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வதில்லை. பைலா அடிக்கச் சொல்வேன். போர்த்துக்கேயர் காலத்தில் இருந்து இந்தத் தீவில் ஊறிப்போன தாளம். கலியாண வீட்டிலும் பஸ்சிலும் கேட்டுக் கேட்டு எங்கள் பிள்ளைகளின் உடம்பிலேயே அது இருக்கிறது. தகிட தகிட என்று வாயால் சொல்லிக்கொண்டு கையை இறக்கி ஏற்றினால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். சங்கீதப் பிள்ளை "திஸ்ரம்தானே சேர்" என்றாள். ஓம், மூன்று மூன்றாக வரும் திஸ்ரம்தான்.

கசற் தந்த பிழையை நான் விடவில்லை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கிற்றாரை வேண்டுமென்றே ஒரு சுரம் இறக்கி வைக்கிறேன். கம்பி தளர்ந்திருக்கும், சின்ன விரலுக்கு நோகாது, காய்ப்பு வரும்வரை தாக்குப்பிடிப்பார்கள். பிறகு மெல்ல மெல்ல ஏற்றுவேன். தாய்மார் சிலர் செயலியை வைத்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது சுருதி பிழையாம், போன் சொல்லுது" என்று வருவார்கள். ஆறு கம்பியும் தங்களுக்குள் சேர்ந்து நின்றால் போதும், கீபோட்டுக்காரரோடு சேரும் நாளில் பார்ப்போம் என்று சொல்லி அனுப்புவேன்.

ஆனால் டி கோட்டை அப்படி நியாயப்படுத்த முடியாது. சனிக்கிழமை அந்தப் பிள்ளை போன பிறகு, மற்ற ஆறு பேரையும் ஞாயிறு வரச்சொல்லி ஒவ்வொருவராக டி அடிக்கச் சொன்னேன். ஐந்து பேரின் வலது கை இரண்டாம் கம்பியோடு நின்றது. ஒரு பெடியனின் நடுவிரல் என்னுடையதைப் போலவே காற்றில் நின்றது. கொஞ்சம் வளைந்து, நுனி மேலே பார்த்தபடி. நான் எங்கேயும் "முதலாம் கம்பியை அடிக்காதே" என்று சொன்னதில்லை. 2003இல் கொழும்பில் யாரோ அறுத்த ஒரு கம்பி, 2010க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் கையில் அறுந்திருக்கிறது.

இந்தக் கிழமை முழுக்க இரவில் நானும் பழகுகிறேன். மெதுவாக அடித்தால் வருகிறது. ஜியிலிருந்து டிக்கு வேகமாக மாறினால் கை பழைய இடத்தில்தான் போய் நிற்கிறது. கடைசியில் முதலாம் கம்பிக்கு அங்காலே சவுண்ட் போட்டில் ஒரு துண்டு இன்சுலேஷன் ரேப் ஒட்டி, ஒவ்வொரு முறையும் பிக் அதில் போய் முட்டவேண்டும் என்று வைத்திருக்கிறேன். சிவப்பு ரேப். நூற்றுக்கு அறுபது முறை முட்டுகிறது.

முதன்முதலில் சைக்கிளில் கிற்றாரைக் கட்டிக்கொண்டு வந்த அந்தப் பெடியன் இப்போது கனடாவில். அங்கே கலியாண வீடுகளில் வாசிக்கிறான், காணொளி அனுப்புவான். நேற்று அவற்றை எடுத்து டி வரும் இடங்களாகப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, இரண்டாம் கம்பியோடு நிற்கிறது. குரல்பதிவு ஒன்று அனுப்பினேன்: "தம்பி, டி அடிக்கேக்க முதலாம் கம்பியையும் சேர்த்து அடி. நான் பிழையாக் காட்டிப்போட்டன்."

விடியப்புறம் பதில் வந்திருந்தது. "சேர், அது உங்கட ஸ்ரைல் எண்டெல்லோ நினைச்சன். இஞ்ச ரெண்டு பேருக்கு அப்பிடியே பழக்கியும் விட்டிட்டன்."